புர்தாவின் சீரும் ஆங்கிலத்தின் அழுத்தமும்

"சேர், இங்கிலிஷ் கவிதையில வாற ஃபுட்டும் எங்கட சீரும் ஒன்றுதானே?" உயர்தர வகுப்பில் யாப்பு படிப்பிக்கும்போது தவறாமல் எழும் கேள்வி இது. அப்படி ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளும் உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது.

ஆங்கிலம் எண்ணுவது அழுத்தத்தை. மெலிந்த அசைக்குப் பின் அழுத்தமான அசை வந்தால் அயம்ப்; முறை மாறினால் ட்ரோக்கி. தமிழ் எண்ணுவது குறில், நெடில், ஒற்று. 'டுடே' ஆங்கிலத்தில் முழு அயம்ப். தமிழ்க் காதுக்கோ அது குறிலிணைந்த நெடில், ஒரே நிரையசை. 'வோட்டர்' ட்ரோக்கி, நமக்கு நேர்நேர், தேமா. அங்கே இரண்டும் சம அளவு. இங்கே ஒன்று ஓரசை, மற்றது ஈரசைச் சீர். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யில் சேக்ஸ்பியரின் பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாகத்தான் தந்தார். ஆங்கில அடியைத் தூக்கிவந்து வைக்கவில்லை.

ஒப்பிடத்தான் வேணுமென்றால், எங்கட பக்கத்திலேயே ஒன்று இருக்கு. எட்டாம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அறபு யாப்பைப் பதினைந்து ஓசை வகைகளாக வகுத்தார். அவரது வாய்பாடுகளை அலகிட்டுப் பாருங்கள். 'பஊலுன்': நிரைநேர், புளிமா. 'பாஇலுன்': நேர்நிரை, கூவிளம். 'முஸ்தப்இலுன்': நேர்நேர்நிரை, தேமாங்கனி.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நாம் கேட்டு வளர்ந்த இமாம் பூஸிரியின் புர்தா 'பஸீத்' என்னும் ஓசையில் அமைந்தது. அதன் அரையடி வாய்பாடு தேமாங்கனி, கூவிளம், தேமாங்கனி, கூவிளம். கடைசிச் சீர் 'பஇலுன்' எனக் குறுகிப் புளிமாவாகிறது. பொருள் விளங்காத பிள்ளையும் ஓசை பிசகாமல் ஓதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அந்த அளவு ஏற்கெனவே அதன் காதில் இருக்கிறது.

இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அறபில் சீர்களின் வரிசை கட்டுப்பட்டது. தமிழில் தளையே கட்டுப்பாடு, சீர் மாறலாம். அறபில் தனிக்குறில் சொல்லின் நடுவிலும் தனித்து நிற்கும். தமிழில் அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிரையாகிவிடும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை அளவுதான், அழுத்தமல்ல.

எங்கட பிள்ளைகள் யாப்பைப் பாடமாக்கிப் பரீட்சையோடு மறக்கிறார்கள். மத்ரஸாவில் கேட்ட ஓசையையும் பாடசாலையில் படிக்கும் வாய்பாட்டையும் இணைத்துக் காட்ட நாம் முன்வரவில்லை. ஆங்கில ஃபுட்டை விளக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை புர்தாவின் ஓர் அடியை அலகிடச் செலவிட்டால், தேமாவும் புளிமாவும் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.