குன்றும் கூரையும்

வீட்டுச் சுவருக்கு விளிம்பு உண்டு. தொலைவிலுள்ள மலையோ நீலத்தில் கரைந்துகொண்டே போகிறது. கிராமத்து நிலக்காட்சியைத் தைலவண்ணத்தில் தீட்டுவோருக்கு, இவை இரண்டையும் ஒரே வெயிலில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. நவீன ஓவியத்தின் மிகப் பெரிய திருப்பம் ஒன்று இந்தப் போராட்டத்திலிருந்தே பிறந்தது.

தொடக்கத்தில் ஓவியர்கள் வேகத்தை நம்பினார்கள். 1780களில் ரோம் நகரைச் சுற்றிக் காகிதத்தின் மீது தைலவண்ணத்தில் தீட்டித் திரிந்த பிரெஞ்சு ஓவியர் வலான்சியென், வெளிச்சம் மாறிவிடும் என்பதால் ஒரு படத்தின் முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று 1800இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அவருடைய மாணவர்களிடம் பயின்ற கோரோ, 1826இல் இத்தாலியின் நார்னியில் இடிந்த ரோமானியப் பாலத்தையும் அதன் பின்னாலுள்ள மலைகளையும் நேரில் பார்த்துத் தீட்டினார். பிறகு அதையே பாரிஸ் சலோன் கண்காட்சிக்காகப் பெரிதாக்கி, ஒழுங்குபடுத்தி வரைந்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறிய படத்தில் வெயில் சுடுகிறது. கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் பெரிய படத்தில் அந்தச் சூடு இல்லை.

வெளியே போய்த் தீட்டுவோருக்கு வண்ணத்தை எடுத்துச் செல்வதும் தொல்லையாக இருந்தது. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணம் வழியிலேயே கசியும், காய்ந்தும் போகும்.

பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர் செசான் வேகத்தை நம்பவில்லை. ஓவியர் பிசாரோவின் அருகிலிருந்து தீட்டிய காலத்தில், 1873இல் வரைந்த ‘தூக்கிலிடப்பட்டவனின் வீடு’ படத்தில் வண்ணம் சுவர்ப்பூச்சுப் போலக் கனத்துக் கிடக்கிறது. 1885–86இல் தென் பிரான்சின் ஏக்ஸ் நகருக்குத் தெற்கே கார்தான் என்ற சிற்றூரில் குடும்பத்தோடு தங்கியபோது அவர் கை வேறாகிவிட்டது. குன்றின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் ஓட்டு வீடுகள், உச்சியில் தேவாலயக் கோபுரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள கார்தான் படம் முடிக்கப்படாதது; கித்தான் பல இடங்களில் வெறுமையாகத் தெரிகிறது. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சுவரையும் மரத்தையும் அவர் வேறு வேறு கையால் தீட்டவில்லை என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது: இரண்டுக்கும் பக்கம் பக்கமாக அடுக்கிய ஒரே வகைச் சாய்ந்த தீற்றல்கள்தான். அவருடைய மெதுவான வேலைக்குத் தைலவண்ணம் இடம் கொடுத்தது. அதிலுள்ள எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாள்கணக்கில் மெல்ல இறுகுகிறது. ஓடு சிவந்தால் மலையின் நீலத்தை அதற்கேற்ப மாற்றலாம், மறுநாளும் வந்து மாற்றலாம். மெதுவாக வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல ஊடகம் கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே வகைத் தீற்றலால் கட்டும் இந்த வழியை இளைய ஓவியர்கள் பிடித்துக்கொண்டார்கள். செசான் தீட்டிய லெஸ்தாக் கிராமத்துக்கே 1908இல் போன பிராக், அங்குள்ள வீடுகளை ஜன்னலும் கதவும் இல்லாத கட்டிகளாக்கினார். சலோன் தோத்தோன் என்ற பாரிஸ் கண்காட்சியின் தேர்வுக் குழு அந்தப் படங்களை நிராகரித்தது. நவம்பரில் கலை வணிகர் கான்வைலர் தன் கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிட்டார் என்று விமர்சகர் வோசெல் எழுதினார். கியூபிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயர் அங்கிருந்துதான் கிளைத்தது. அடுத்த கோடையில் ஸ்பெயினின் ஓர்தா கிராமத்தில் பிக்காசோ இன்னும் ஓர் அடி முன்னே போனார்: காவியும் சாம்பலுமான வீடுகளுக்கு மேலே வானத்தையும் பட்டை பட்டையாக வெட்டித் தீட்டினார்.