தேநீருக்கு வந்த கேட்ஸ்பி

கதையைச் சொல்லும் நிக் கேரவேயின் வீட்டு வரவேற்பறையில், கணப்பு மாடத்தின் மேல் ஓடாத கடிகாரம் ஒன்று. அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்பச் சாவகாசமாக இருப்பதுபோல் பாவனை செய்கிறான் ஜே கேட்ஸ்பி. எதிரே நாற்காலி நுனியில் அவனுடைய பழைய காதலி டெய்சி. தலை பட்டுக் கடிகாரம் சரிகிறது. நடுங்கும் விரல்களால் பிடித்து மறுபடி வைக்கிறான். அதற்கு மன்னிப்பும் கேட்கிறான். கடைசியாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று பேச்சு வரும்போது, வருகிற நவம்பரோடு ஐந்து வருடம் என்கிறான், யோசிக்காமல். மாதக் கணக்கு வைத்துக் காத்திருந்தவன் என்பது அந்த ஒரு பதிலில் வெளிப்பட்டுவிடுகிறது.

1925இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்த இடத்தைச் சிரிப்பு வரும்படி எழுதியிருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கொட்டும் மழையில் நிக் வீட்டுப் புல்லை வெட்ட ஆள் அனுப்புகிறான் கேட்ஸ்பி. ஒரு தேநீருக்குத் தோட்டம் தோட்டமாகப் பூ வந்து இறங்குகிறது. வெள்ளைச் சூட், வெள்ளி நிறச் சட்டை, தங்க நிற டை. நான்கு மணி அடிப்பதற்குள், யாரும் வரப்போவதில்லை என்று கிளம்பப் பார்க்கிறான். கள்ளச் சாராயத்தில் கொழித்தவன், பெண் பார்க்க வந்த பையன்போலத் தவிக்கிறான்.

நாவலை வைத்து 2013இல் வந்த படத்தில் கேட்ஸ்பி தரும் விருந்துகளும் வாணவேடிக்கையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அத்தனை ஆர்ப்பாட்டமும், எதிர்க்கரையில் இருக்கும் டெய்சி என்றாவது ஒருநாள் தற்செயலாக உள்ளே வந்துவிடமாட்டாளா என்பதற்காகத்தான்.

வந்துவிட்டாள். ஒன்பது அத்தியாயங்களில் இது ஐந்தாவது. வேறொருவர் கையில் கடைசிப் பக்கமாகியிருக்கும். இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி என்பதே வயிற்றைக் கலக்குகிறது.

அவனுக்கு வேண்டியது 1917இல், லூயிவில்லில், இராணுவ லெப்டினன்டாக அவன் பார்த்த டெய்சி. இடையில் நடந்த எதுவும் நடந்திருக்கக் கூடாது. கணவன் டாமை ஒருநாளும் நேசித்ததில்லை என்று அவள் டாமின் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷ’னிலும் பிரிந்தவர்கள் எட்டு வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள். ஆனால் ஆன் எலியட்டும் வென்ட்வொர்த்தும் போன வருடங்களைப் போனவையாகவே ஒப்புக்கொள்கிறார்கள், சேரவும் செய்கிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில், சட்டென்று கடந்துவிடக்கூடிய ஓர் இடம். டெய்சியின் மகளைச் செவிலி கூட்டிவருகிறாள். கேட்ஸ்பி குனிந்து அந்தப் பிஞ்சுக் கையைக் குலுக்குகிறான். பிறகு குழந்தையையே வியப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு ஜீவன் இருப்பதை அதுவரை அவன் நம்பியதே இல்லையோ என்று நிக்குக்குத் தோன்றுகிறது. கணவனை மனசுக்குள் இல்லாமல் ஆக்கிவிடலாம். அம்மாவிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தையை என்ன செய்வது?

அன்றைக்கே நியூயார்க் பிளாசா ஹோட்டலில், டாமையும் ஒருகாலத்தில் நேசித்ததாக டெய்சி விம்மலோடு ஒத்துக்கொள்கிறாள். பலருக்கும் அந்தச் சண்டைதான் நாவலின் உச்சம். என் கணக்கில், குழந்தையின் கையைப் பிடித்தபோதே கேட்ஸ்பி தோற்றாயிற்று. ஹோட்டலில் அது டாமுக்கும் தெரியவருகிறது, அவ்வளவுதான்.