தத்தன் செய்த காரியம்

ராஜபக்தியும் தெய்வபக்தியும் ஒன்றே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இரண்டும் மோதிக்கொண்டால் மனிதன் எந்தப் பக்கம் நிற்பது? இந்தக் கேள்வியைப் பெரிய புராணத்தைவிடக் கூர்மையாகக் கேட்ட காவியம் தமிழில் இல்லை என்பது என் கட்சி.

கேட்டவர் துறவி அல்லர், ராஜாங்க உத்தியோகஸ்தர். கே.கே. நகரிலிருந்து மேற்கே போனால் போரூருக்கு அப்பால் குன்றத்தூர் இருக்கிறதே, அதுதான் சேக்கிழாரின் ஊர். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் மந்திரியாக இருந்தவர். நூல் முடிந்ததும் அரசன் அதை ஆசிரியரோடு யானைமேல் ஏற்றி, தானே கவரி வீசினான் என்பது ஐதிகம். அப்படிப் பெருமைப்படுத்திய அரசனின் மந்திரி என்ன எழுதியிருக்கிறார்?

பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைக்கிறார்கள். திருநாவுக்கரசர் வர மறுக்கிறார். நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் வீழ்த்துவது என்று தண்டனைகள் தொடர்கின்றன. எதற்கும் அவர் மசியவில்லை. மன்னன்தான் மாறுகிறான். அரச கட்டளையை மீறியவனை ஒரு மந்திரி மகானாகப் பாடியதே பெரிய காரியம். ஆனால் மீறுகிறவனை ரசிப்பது வாசகனுக்குச் சுலபம். கீழ்ப்படிகிறவனை ரசிக்க வைப்பது கடினம். சேக்கிழார் அதையும் செய்திருக்கிறார்.

திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் சரித்திரத்தில், போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக் கட்டில் கத்தியை மறைத்து வருகிறான். தனித்திருந்த அரசரைக் குத்துகிறான். பாய்ந்து வந்து வாளை ஓங்குகிறான் காவலன் தத்தன். சாய்ந்துகொண்டே அரசர் தடுக்கிறார். இவன் நம்மவன், பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடு என்கிறார். தத்தன் போகிறான். கொதித்து எழுந்து சூழ்கிற ஜனங்களை அரசரின் ஆணையைச் சொல்லி விலக்குகிறான். கொலைகாரனை எல்லை கடத்திவிட்டுத் திரும்பி வந்து சொல்கிறான். அதைக் கேட்கவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த அரசர், பிறகுதான் கண்ணை மூடுகிறார்.

வேஷத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று இக்காலத்து வாசகர் சீறலாம். எனக்கும் அந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் தத்தன் நீற்றுக்கு ஏமாறவில்லை. ஆள் யாரென்று தெரிந்துதான் வாளை ஓங்கினான். அவன் தலைவணங்கியது, சாகும்போதும் தன் நெறியை விடாத ஒரு மனிதரின் சொல்லுக்கு.

அந்தப் பாதையில் தத்தன் என்ன நினைத்திருப்பான்? நாவலாசிரியனாக இருந்தால் ஐம்பது பக்கம் எழுதுவான். சேக்கிழார் அவன் மனத்தைத் திறந்து காட்டவில்லை. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். காரியத்தை முடித்துவிட்டு மௌனமாக நிற்பவனைச் சபையில் பலமுறை பார்த்திருக்கக்கூடிய மந்திரியின் அடக்கம் அது.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால் சேக்கிழாரின் நியாயம் புரிகிறது. தனக்கு மேலே ஒன்றுக்கு அடங்கிய அரசனுக்கு அடங்கலாம். தானே எல்லாம் என்பவனுக்கு வேண்டியதில்லை. சிம்மாசனத்தில் இருந்த ஒருவனுக்கே இதைப் படித்துக் காட்டினார் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். அறுபத்துமூவர் கணக்கில் தத்தன் இல்லை. என் கணக்கில் அவனுக்கு இடம் உண்டு.