நாளைப்போவாரும் வேதியரும்

நூலொன்றைப் பலகாலும் ஓதி உவந்தார் ஒருவர், அந்நூற்பொருள் கொண்டே புதுக்கதை புனைய முற்படுதல் எதனால்? மூலத்திற் குறை கண்டென்பாருமுளர். அஃதன்று. அன்புடையார் உள்ளத்தை ஓயாது உறுத்துவது, ஆசிரியர் சொல்லாது விட்ட இடமேயாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இதற்குத் தக்க சான்று.

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் வரலாற்றை 37 திருப்பாட்டுக்களால் அருளினார். ஆதனூரில் நந்தனார்க்கு ஊர்த்தொழிலுக்குரிய மானிய நிலமுண்டு. அதன் விளைவே உணவு. திருக்கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், யாழ்க்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். தில்லை வேட்கை மீதூர்ந்தும், தம் பிறப்பினை எண்ணித் தயங்கி, 'நாளைப் போவேன்' என்று நாட்கழித்தார். தடுத்த ஆண்டை எவரும் அப்புராணத்தில் இல்லை.

அந்த 'நாளை' என்னுஞ் சொல்லிலேயே பாரதியார் நின்றுவிட்டார் போலும். காவிரி பாயும் நாட்டில் வாழ்ந்த அவர்க்குப் பண்ணையாட்களின் நிலை புதிதன்று. ஆண்டை விடைகொடாமல் அவர்கள் ஊரெல்லை கடத்தல் அரிது. ஆதலின் வேதியர் ஒருவரைப் படைத்தார். 40 வேலி நிலத்தின் வேலை முடித்துப் போ என அவர் பணிப்ப, இறைவனருளால் ஓரிரவிற் பயிர் விளைந்ததாகவும் பாடினார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மூலமாறுபாடும் இலக்கண வழுவுங் கருதிச் சிறப்புப்பாயிரந் தரக் காலந்தாழ்த்தார். (அவரும் ஒருவகையில் 'நாளை' என்றவரே!) பின்னர்ப் பாரதியார் பாடக்கேட்டு உருகி அளித்தனர் என்பது உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள செய்தி.

விரித்தல்தானே குற்றமெனல் பொருந்தாது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பெயரளவிற் போற்றியதை நம்பியாண்டார் நம்பி ஓரந்தாதிச் செய்யுளாக்கினார். சேக்கிழார் அதனையே புராணமாக்கினார். எம் குறை வேறு. பெரியபுராணத்தில் நந்தனார் தில்லையெல்லையை எய்திய பின்னும் உட்புகாது, வேள்விப்புகை கண்டு, இராப்பகலாய் வலஞ்சூழ்ந்து வருந்துகிறார். ஆங்கு யார் தடுத்தார்? தடை அவர் உள்ளத்ததே. அதனை வேதியர்மேல் ஏற்றியவுடன் கதையின் பெரும்பாரம் ஆதனூரிலேயே இறங்கிவிடுகின்றது. தில்லையெல்லையில் நிற்கும் நிலைக்கு அத்துணைக் கனமில்லை. மானியமுடைய தொண்டர் கூலியாளாகவும் ஆயினர்.

ஆயினும் ஒன்று சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அத்தயக்கத்தை அவ்வடியார் நெஞ்சில் விதைத்தது உலகத்தார் கொடுமையன்றோ? அதற்கு ஓர் உருவமும் குரலும் கொடுத்தார் பாரதியார். வேதியர் பேசுமிடங்களைப் படிக்குந்தோறும் எமக்கு நாணமே உண்டாகின்றது. அந்நாணம் பொய்யன்று.

இடர் யாதெனின், புனைவு மூலத்தின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டமையே. தண்டபாணி தேசிகர் நடித்து 1942-இல் வெளிவந்த படமும் வேதியரைத் தொடர்ந்தது. எம்மிடம் பாடங்கேட்ட மாணாக்கர், வேதியர் வருவது எத்தனையாவது செய்யுள் என்பர். இல்லையென்றால் நம்பார். ஒவ்வோராண்டும் 37 செய்யுளையும் முற்ற ஓதிக்காட்டிய பின்னரே அமைந்தனர்.