சீகிரியாவின் கிராமத்துச் சாப்பாடு: ருசியும் கணக்கும்

காலையில் சீகிரியாக் குன்றில் ஏறி இறங்கும் வெளிநாட்டுப் பயணியை, மத்தியானம் வாகனச் சாரதி பெரும்பாலும் ஒரு குளக்கரைக்கு அழைத்துப் போகிறார். கொஞ்ச தூரம் மாட்டுவண்டி, பிறகு தோணி, கடைசியில் ஓலை வேய்ந்த மண்வீட்டில் சோறும் கறியும். 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சீகிரியாவுக்கும், 1991இல் சேர்ந்த தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் இது இன்று நன்றாக ஓடும் தொழில். “பாரம்பரியக் கிராமத்துச் சாப்பாடு” என்பது அதன் விளம்பரப் பெயர். இதில் சமையலைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கேள்வி எழுவது கணக்கிலும், “பாரம்பரியம்” என்று எதைக் காட்டுகிறார்கள் என்பதிலும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பெரிய ஹோட்டல்களின் பஃபேயில் ஒரு பக்கம் பாஸ்தா வெந்துகொண்டிருக்கும். மறுபக்கம் வெள்ளைக்காரர் நாக்குக்குப் பயந்து உறைப்பைக் குறைத்த கறிகள் ஆறிக்கொண்டிருக்கும். கிராமத்து அடுப்படியில் நிலைமை வேறு. விருந்தாளி பார்க்கவே தேங்காய் துருவப்படுகிறது. செத்தல் மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுங்க, அதன்மேல் தேங்காய்ப்பூ விழுந்து சம்பலாகிறது. பிஞ்சுப் பலாக்காய்க் கறி காலையிலேயே சட்டியில் ஏறி, கொறுக்காப்புளியும் கறுவாவும் சேர்ந்து கருஞ்சிவப்பாக வற்றும்வரை விறகடுப்பில் கிடக்கிறது. பிரம்புத் தட்டில் தாமரை இலை விரித்து, சிவப்பரிசிச் சோற்றைச் சுற்றிப் பருப்பு, வாழைப்பூ, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல், பொரித்த குளத்து மீன் என்று வைக்கிறார்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் காய்கறிக்குப் பஞ்சமில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, விறகடுப்பு வெறும் காட்சிப்பொருள் அல்ல என்பதும் எல்லோருக்கும் விளங்கியது.

இரண்டாவது நன்மை வருமானம். ஹோட்டல் கட்ட முதல் வேண்டும். இதற்குக் கைப்பக்குவமும் ஒரு முற்றமும் போதும். வயலையும் சேனையையும் மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களில் பெண்களின் கைக்கு நேரடியாகக் காசு வர இது வழி செய்கிறது. வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத அவர்களுடைய வேலைக்கு இங்கே ஒரு விலை கிடைக்கிறது.

அந்த விலையில் அவர்கள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதில்தான் சிக்கல். ஆட்களைக் கூட்டி வரும் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் தரகு கொடுப்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் இதே கதைதான். தரகை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. இணையத்தில் விளம்பரம் செய்யத் தெரியாத குடும்பத்துக்கு அந்தச் சாரதிதான் விளம்பரம். ஆனால் ஹோட்டல் பில்லில் பத்து வீதச் சேவைக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது, தரகு தெரிவதில்லை. மாட்டுவண்டிக்கு எவ்வளவு, தோணிக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே தொகையாக டொலரில் சொல்லும்போது, கொடுப்பவருக்கும் உண்மை விலை தெரியாது, சமைத்தவருக்கும் தெரியாது.

விலையை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியே சாட்சி. 2018இல் வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 1,100 யூரோ பில் வந்தது; 2019இல் ரோமில் இருவர் ஸ்பகெட்டி சாப்பிட்டு 400 யூரோவுக்கு மேல் கட்டினார்கள். இரண்டும் உலகச் செய்தியாகி, ஒழுங்காகக் கடை நடத்துபவர்களின் பெயரையும் சேர்த்தே கெடுத்தன. நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபா கேட்ட காணொளி எவ்வளவு வேகமாகப் பரவியது என்பது நினைவிருக்கும். விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகர்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

அடுத்தது பாரம்பரியம் என்ற உரிமைகோரல். கலப்பில்லாத சமையல் உலகில் எங்கும் இல்லை. இத்தாலியரின் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் மிளகாயும் அப்படியே. தாமரை இலையில் பொரித்து வைக்கும் திலாப்பியா மீன் 1952இல்தான் இலங்கைக் குளங்களுக்கு வந்தது. ஆகவே கலப்பு ஒரு குறையல்ல. குறை வேறு இரண்டு. ஒன்று, எந்தக் குளக்கரைக்குப் போனாலும், எந்த மாதத்தில் போனாலும் ஏறக்குறைய அதே எட்டுக் கறிகள். கிராமத்துச் சமையலின் உயிரே அன்றைக்குத் தோட்டத்தில் என்ன காய்த்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அது போனால், மண்வீட்டுக்குள் நடக்கும் இன்னொரு பஃபேதான் மிஞ்சும்.

மற்றது, யாருடைய பாரம்பரியம் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாகத் தம்புள்ளை வழியேதான் மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் அந்த வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தப்பிப் பிழைத்தவர்களின் சந்ததி இன்றும் சீகிரியாவும் அடங்கும் மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் வாழ்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிறது. அவர்களின் ரொட்டியும் கட்டச் சம்பலும், பண்டிகை நாள் சாப்பாடும் பயணிக்குக் காட்டும் “மாத்தளைக் கிராமத்தில்” தென்படுவதே அரிது. யாரும் திட்டமிட்டு ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. குளமும் வயலும் மண்வீடும் படத்தில் அழகாக விழுகின்றன. தோட்டத் தொழிலாளரின் லயக் காம்பரா அப்படி விழுவதில்லை. ஆனாலும் விடுபட்டது விடுபட்டதுதான்.

காட்சி அலங்காரம் இல்லாமலும் உள்ளூர்ச் சாப்பாடு ஓடும். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் ஹெல போஜுன் உணவகத்தில் ஓலைக் கூரையும் மாட்டுவண்டியும் இல்லாமலே கூட்டம் சேர்கிறது. உள்நாட்டவரும் அதே விலைக்கு அங்கே சாப்பிடுகிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

சீகிரியாவின் கிராமத்துச் சாப்பாட்டுக்குக் கைப்பக்குவம் போதுமான அளவு இருக்கிறது. வேண்டியவை மூன்று: வாசலில் விலைப்பலகை, பருவத்துக்கு ஏற்ற கறி, மாத்தளையின் எல்லா மக்களுக்கும் இலையில் ஓர் இடம். அந்தப் பக்கம் போகும் தமிழ் வாசகர்கள் ஒன்று செய்யலாம். உட்காருவதற்கு முன் விலையைக் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, காசைச் சமைத்தவரின் கையிலேயே கொடுங்கள்.