வாசலில் வந்து நின்றவள்

மார்கழி மாலையில் ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால், ஒண்டிக்கடையில் எதிரே வருபவரின் முகம் தெரியாது. குரலைக் கொண்டே ஆளை அறிய வேண்டும். அத்தகைய ஒரு மாலையில் பங்கு இளைஞர் சிலர், "சாமி, பேய்க்கதை படிப்பது பாவமா?" என்று வினவினர். "முதலில் 'காஞ்சனை'யைப் படியுங்கள், பிறகு பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நானும் அதை மீண்டும் எடுத்தேன்.

அக்கதையை ஆக்கிய புதுமைப்பித்தன் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். எட்டு வயதில் தாயை இழந்து மாற்றாந்தாயின் கீழ் வளர்ந்தார். அரசு அலுவலரான தந்தையுடன் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அலைந்து, 1918-இல் நெல்லைக்குத் திரும்பினார். 1931-இல் பட்டம் பெற்றார். 1934-இல் மணிக்கொடியில் கதை எழுதத் தொடங்கினார். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' புதினத்தைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் இவரே. ஆகவே இவரது பேயச்சம் மேனாட்டு இறக்குமதி என்று தீர்ப்பளிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஷெல்லியின் புதினத்தில், படைத்தவனே கைவிட்ட உருவம் ஒரு குடிசையை நாடிச் செல்கிறது. அங்கிருக்கும் பார்வையற்ற முதியவர் அதனிடம் பரிவுடன் பேசுகிறார். கண்ணுள்ள பிள்ளைகளோ உருவத்தைக் கண்டதும் அடித்துத் துரத்துகின்றனர். கொடுமை பெருகுவது அதன் பின்னரே. கதவு அடைக்கப்பட்டதால் விளைந்த பயங்கரம் அது.

'காஞ்சனை'யில் கதவு திறக்கிறது. வாசலில் பிச்சைக்காரி ஒருத்தி. அவளுடைய பாதம் நிலத்தில் படவில்லையோ என்று கதை சொல்லும் கணவனுக்கு ஓர் ஐயம். மனைவியோ இரக்கமுற்று அவளை வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். கணவன் படித்தவன், எழுத்தாளன். ஐயத்தை வெளியே சொல்ல அவனது படிப்பே தடையாகிறது. இரவில் நாற்றமும் நிழலும், மனைவியின் கழுத்தில் ஒரு துளி இரத்தமும். பேயைவிட இந்த மௌனமே என்னை அச்சுறுத்துகிறது. முடிவில் வழிப்போக்கன் ஒருவன் தந்த திருநீறு அவளை அகற்றுகிறது. ஆசிரியரோ எதையும் விளக்காமல் விலகிக்கொள்கிறார். உளவியலைக் காட்டி இம்முடிவை விளக்கிவிடுவோர் கதையின் பாதியை இழக்கின்றனர்.

எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அடைக்கலம் கேட்டு வரும் ஏழையைப் பேயாக்கிய கதை, படிப்பவர் உள்ளத்தில் எதை விதைக்கும்? ஆசிரியர் அந்த மனைவியை எங்கும் ஏளனம் செய்யவில்லை என்பது உண்மை. அவளுடைய இரக்கம் பிழையென்று ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கதையை மூடியபின் நம் நினைவில் நிற்பது இரக்கமன்று, அந்தப் பாதமே.

இதை எழுதக் கூசுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு, பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினாள் ஒரு பெண். சன்னல் வழியே பார்த்தேன். முன்பின் அறியாத முகம், கலைந்த கூந்தல். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றேன். திறந்தபோது வாசலில் எவரும் இல்லை. படியில் ஈரக் காலடிகள் மட்டும் இருந்தன.