வனமும் அச்சமும்: முகாமிடுவோர் பற்றிய திகிற்படங்கள் குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

வெகுசனத் திரைப்படங்களை ஆராய்வது ஆய்வறிவாளர்க்குரிய பணியன்று என்றோர் எண்ணம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அவ்வெண்ணம் தவறானது என்பதே எமது கருத்தாகும். ஒரு சமூகம் தனது இலட்சியங்களை உயர்ந்த இலக்கியங்களிற் பதிவு செய்கின்றதெனின், தனது அச்சங்களையும் குற்றவுணர்வையும் பெரும்பாலும் மலினமான கலைகளிலேயே வெளியிட்டுவிடுகின்றது. அவ்வகையில், நண்பர்கள் சிலர் காட்டில் முகாமிடச் சென்று, முகந்தெரியாத எவராலோ வேட்டையாடப்படுவதைக் கூறும் அமெரிக்க, பிரித்தானியத் திகிற்படங்கள் எமது கவனத்துக்குரியன.

இப்படங்களின் கதையமைப்பு ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே இறுகிவிட்டது. நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரான நண்பர்கள் ஓய்வை நாடி ஊர் கடந்து செல்வர். வழியில் எரிபொருள் நிலையத்திலோ சிறு கடையிலோ உள்ளூரவர் ஒருவரைச் சந்திப்பர். அவரது தோற்றத்தையும் பேச்சையும் எள்ளி நகைப்பர். பின்னர் கூடாரம் அமைப்பர். இரவில் மரங்களிடையே ஓர் ஓசை கேட்கும். அடுத்த நாள் தொடக்கம் ஒருவர் பின் ஒருவராக அழிவர். எஞ்சிய ஒருவர் தப்பி ஓடுவார், அல்லது ஓடியும் தப்பமாட்டார்.

துரத்துவோர் யாவர், அவர்கள் ஏன் துரத்துகின்றனர் என்ற வினாக்களை எழுப்பும்பொழுதே இவ்வாய்பாட்டின் சமூக அர்த்தம் துலங்குகின்றது. திகிற்படங்களில் வரும் அரக்கன், சமூகம் தன்னுள் அமுக்கி வைத்திருப்பதன் மீள்வருகையே என ரொபின் வூட் 1979இல் எழுதினார். அவர் பெரிதும் வற்புறுத்தியது அமுக்கப்பட்ட பாலுணர்வையும் ஒதுக்கப்பட்ட மனிதரையும் ஆகும். எமது நோக்கில், முகாமிடுவோர் பற்றிய படங்களில் மீள்வது நிலமும் உழைப்புமாகும். நகரம் எவரிடமிருந்து எதனைப் பெற்றுக்கொண்டதோ, அவரே காட்டில் நின்று அதனைத் திருப்பிக் கேட்கின்றார்.

இதற்குச் சிறந்த சான்று ஜேம்ஸ் டிக்கி 1970இல் எழுதிய நாவலைத் தழுவி ஜோன் பூர்மன் 1972இல் நெறிப்படுத்திய 'டெலிவரன்ஸ்' ஆகும். லூயிஸ், எட், பொபி, ட்ரூ என்னும் நால்வர் அற்லாண்டா நகரிலிருந்து மலைநாட்டு ஆறொன்றிற் படகோட்ட வருகின்றனர். அவ்வாற்றுக்குக் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருக்கின்றது; விரைவில் அது ஏரியாகிவிடும். அதற்குமுன் ஒருமுறை அதனைக் கண்டுவிட வேண்டும் என்பதே அவர்களது ஆசை. படத்தின் தொடக்கத்திலேயே லூயிஸ் இதனைக் கடிந்து பேசுகின்றான்: அற்லாண்டாவுக்கு மேலும் மின்சாரம், புறநகர் வீடுகளுக்கு மேலும் குளிரூட்டிகள், அதற்காக ஓர் ஆறு மூழ்கடிக்கப்படுகின்றது. அவ்வாற்றங்கரையில் வாழ்வோர் பற்றி அவனுக்கு அத்தகைய கவலை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அவன் இரங்குவது இயற்கைக்கே, மனிதர்க்கன்று.

மலையில் இருவர் பொபியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகின்றனர். அவர்களுள் ஒருவனை லூயிஸ் அம்பெய்து கொல்கின்றான். சட்டத்திடம் செல்வோம் என்கிறான் ட்ரூ. உள்ளூர் நடுவர் குழுவில் இறந்தவனின் உறவினரே இருப்பர் என்றும், பிணத்தைப் புதைத்துவிட்டால் வரப்போகும் ஏரி அதனை மூடிவிடும் என்றும் லூயிஸ் வாதிடுகின்றான். வாக்கெடுப்பில் அவனே வெல்கின்றான். இக்கட்டமே படத்தின் உயிர்நிலை. எந்த அணையைத் தீமையென்று அவன் பழித்தானோ, அதே அணை இப்பொழுது அவர்களது குற்றத்தை மறைக்கும் துணையாகின்றது. பின்னர் எட் மலையுச்சியில் வேறொருவனைக் கொல்கின்றான்; கொல்லப்பட்டவன் தம்மைத் துரத்தியவன்தானா என்பது இறுதிவரை ஐயமாகவே விடப்படுகின்றது. அவர்கள் கரையேறும் ஊரிலோ கல்லறைகள் தோண்டப்பட்டு எலும்புகள் வேறிடம் கொண்டுசெல்லப்படுகின்றன, தேவாலயமும் இடம்பெயர்க்கப்படுகின்றது. அவ்வூரார் எட்டையும் பொபியையும் தம்முடன் அமர்த்தி உணவளிக்கின்றனர். எட் அழுகின்றான். இறுதியில், ஏரி நீரிலிருந்து ஒரு கை மேலெழுவதாக அவன் கனவு காண்கின்றான்.

இத்துணை தெளிவாக நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான உறவைக் காட்டும் படம், வன்முறை செய்யும் மலைவாசிகளுக்கு மட்டும் பெயரோ, வரலாறோ, காரணமோ அளிக்கவில்லை. தம் மூதாதையரின் கல்லறைகளும் தண்ணீருக்குள் போகப்போகும் மக்கள் அவர்கள். அவர்களது சினத்துக்குப் போதிய நியாயம் கதையிலேயே இருக்கின்றது. ஆயினும் படம் அச்சினத்தை இயல்பான மிருகத்தனமாக மாற்றிவிடுகின்றது. ட்ரூவின் கிற்றாருக்கு ஈடாக பாஞ்சோ வாசிக்கும் சிறுவன் இங்கு நினைவுக்கு வருகின்றான். ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த அவ்வுள்ளூர்ச் சிறுவனுக்கு அக்கருவி வாசிக்கத் தெரியாது. அவனுக்குப் பின்னால் மறைந்திருந்த இசைஞர் ஒருவரின் கையே திரையில் வாசிக்கின்றது. முகம் அவனுடையது, கை இன்னொருவருடையது. நாட்டுப்புற மக்களின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் செயலைப் பிறர் இயக்கும் இப்படத்தின் போக்குக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. தம் மக்கள் இழிவாகச் சித்திரிக்கப்பட்டனர் என அப்பிரதேசத்தார் பலர் பின்னர் மனக்குறை தெரிவித்ததில் வியப்பில்லை.

படம் பெரும்பாலும் எடுக்கப்பட்ட சட்டூகா ஆறு 1974இல் மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பைப் பெற்று அணையிலிருந்து தப்பியது. கல்லறைக் காட்சி எடுக்கப்பட்ட இடமோ இன்று தென் கரோலினாவின் ஜொக்காசி ஏரிக்கு அடியிற் கிடக்கின்றது. படத்தில் வரும் மூழ்கல் வெறும் கற்பனையன்று.

இவ்வாய்பாட்டினை இரண்டு படங்கள் மேலும் தெளிவாக்குகின்றன. ரோப் ஹூப்பரின் 'டெக்சாஸ் செயின் சோ மசக்கர்' (1974) படத்தில் இளைஞர் குழுவைக் கொல்லும் குடும்பத்தினர் இறைச்சிக்கூடத் தொழிலைப் பரம்பரையாகச் செய்தோர். புதிய கருவியின் வருகையால் அத்தொழிலில் வேலையிழப்பு ஏற்பட்டமை பற்றிப் படத்திலேயே பேசப்படுகின்றது. வோல்ற்றர் ஹில்லின் 'சதர்ன் கொம்போர்ட்' (1981), 1973இல் லூசியானாச் சதுப்பு நிலத்திற் பயிற்சிக்குச் சென்ற தேசியக் காவற்படையினர் ஒன்பதின்மரைப் பற்றியது. அவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லராயினும் கதை அதே கதைதான். அவர்கள் கேஜன் மக்களின் படகுகளைக் கேளாமல் எடுத்துக்கொள்கின்றனர். அவர்களுள் ஒருவன் விளையாட்டாக வெற்றுத் தோட்டாக்களைச் சுடுகின்றான். பதிலாக வருவது உண்மைத் தோட்டா. 1755 தொடக்கம் பிரித்தானியரால் அக்காடியாவிலிருந்து துரத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களே கேஜன்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. பிடிபட்ட ஒற்றைக்கையனான கேஜன் ஒருவனே பிற்பாடு எஞ்சியோர்க்குத் தப்பும் வழி கூறுகின்றான். மறுதரப்பினனுக்கும் அறிவும் இரக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் அளவில் இப்படம் 'டெலிவரன்ஸ்' படத்தை விட ஒருபடி முன்செல்கின்றது.

ஒரே நாட்டினுள் வெவ்வேறு நிலப்பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால் எழும் முரண்பாடே இவற்றின் அடித்தளம். பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டினைச் சமனற்ற வளர்ச்சியின் அடிப்படையில் விளக்கியதை அறிந்த வாசகர்க்கு இது புதிய கருத்தன்று.

1999இல் வெளிவந்த 'பிளெயர் விச் புரொஜெக்ற்' இம்மரபில் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றது. டானியல் மிரிக், எடுவார்டோ சாஞ்சஸ் ஆகியோர் நெறிப்படுத்திய இப்படத்தில் மூன்று திரைப்பட மாணவர் மேரிலண்ட் காட்டிற் கெமராவுடன் அலைந்து வழிதவறுகின்றனர். துரத்துவது எதுவென்று திரையில் ஒருபோதும் காட்டப்படுவதில்லை. அவர்களுள் ஒருவன் வரைபடத்தை ஓடையில் எறிந்துவிடுகின்றான். நண்பர்களே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிச் சிதைகின்றனர். அந்நியமாதலின் சித்திரம் என்ற வகையில் இது வலிமையானது. ஆனால் காட்டிலிருந்து மனிதர் முற்றாக நீக்கப்பட்டுவிட்டமையால் அச்சத்தின் சமூகக் காரணமும் உடன் நீங்கிவிடுகின்றது; எஞ்சுவது மாந்திரிகம் மட்டுமே. மிகச் சிறிய செலவில் உருவான இப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 24.8 கோடி டொலர் வசூலித்தது. படப்பிடிப்பையும் பெரும்பாலும் தாமே செய்த மூன்று நடிகரும் தமக்குரிய பங்கினை 2024இலும் பகிரங்கமாகக் கோர வேண்டியிருந்தது. உழைப்பு திரையில் மறைந்தது போலவே கணக்கிலும் மறைந்தது.

ஜேம்ஸ் வொட்கின்சின் 'ஈடன் லேக்' (2008) பழைய வாய்பாட்டுக்கே மீள்கின்றது. நண்பர் குழுவுக்குப் பதிலாக இங்கு இளந்தம்பதியர் ஒத்த இருவர் வருகின்றனர். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நீர் நிறைந்த ஒரு பழைய கற்சுரங்கம், செல்வருக்கான மதிலடைத்த குடியிருப்பாக மாறவிருக்கின்றது. அங்கு முகாமிடும் அவ்விருவரையும் உள்ளூர்ப் பதின்ம வயதினர் வதைக்கின்றனர். பொதுநிலம் வேலியடைக்கப்படும் செய்தியைத் தொடக்கத்திற் கூறிய படம், பின்னர் அதனை மறந்து, உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒருங்கே அரக்கராக்கி முடிகின்றது. ஓவன் ஜோன்ஸ் 2011இல் வெளியிட்ட நூலில் இப்படத்தை வர்க்க வெறுப்பின் உதாரணமாகக் காட்டியது முற்றிலும் பொருத்தமே.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இப்படங்கள் பாதி உண்மையைப் பேசுகின்றன. நகரத்தின் வசதி எங்கோ ஒருவரின் இழப்பின்மீது எழுந்தது என்பதை அவை அறிந்திருக்கின்றன. அறிந்திராவிடின் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இழந்தவனை அரக்கனாக்குவதன் மூலம் கடனைக் கேட்பவனையே குற்றவாளியாக்கிவிடுகின்றன. அரக்கனோடு எவரும் நியாயம் பேசுவதில்லை. அவனைக் கொல்வதே நியாயமாகிவிடுகின்றது. காட்டில் வாழ்வோரை அஞ்சத்தக்கவராகக் காணப் பழகிய கண், அவர்களை அங்கிருந்து அகற்றும் திட்டங்களை எளிதில் ஏற்றுக்கொள்ளும். இக்கலையின் ஆபத்து இதுவே.

ஆதலால் இத்தகைய படங்களை மதிப்பிடும்பொழுது, அவை எம்மை எவ்வளவு நடுங்கச் செய்தன என்று கேட்பது போதாது. துரத்துவோனுக்குப் பெயர் உண்டா, பேச்சு உண்டா, காரணம் உண்டா என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவை எம்மை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். கற்றவரும் நகர வாழ்வினருமாகிய எம்மிற் பலர் கெமரா அமர்த்தும் இடத்தில், அப்படகிலேயே அமர்ந்து இப்படங்களைப் பார்க்கின்றோம்; கரையில் நிற்பவனைக் கண்டு நாமும் அஞ்சுகின்றோம். எட்டின் கனவில் எழுந்த கை யாருடையது என்று கேட்கத் துணியும்பொழுதே எமது விமர்சனம் தொடங்குகின்றது.